பம்பருக்குப் பின்னால் இருக்கும் கண்: வாகனக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தபடியால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதிலளிக்கிறேன். விடயம், பிளைண்ட் ஸ்பொட் மொனிற்றர். அதாவது பக்கக் கண்ணாடியில் அகப்படாத மறைவிடத்தில் ஒரு வாகனம் வந்தால் கண்ணாடியின் ஓரத்தில் சிறு விளக்கை எரித்துக் காட்டும் அமைப்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை, கையில் இருந்ததையே நாம் திருத்தித் திருத்தி ஓடினோம். ஒட்டிப் பூசிய பம்பர்களோடு இன்று யாழ்ப்பாணத்தில் ஓடும் கார்களின் எண்ணிக்கைக்கும் இந்தக் கடிதங்களுக்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கேள்வி: என்னுடையது 2017ஆம் ஆண்டு ஜப்பானியத் தயாரிப்பான ஹைபிரிட் கார். திருநெல்வேலிச் சந்தைக்கு அருகே நிறுத்தியிருந்தபோது மோட்டார் சைக்கிள் ஒன்று பின்பக்க இடது மூலையில் மோதிவிட்டது. வெடித்த பம்பரை ஒட்டுவித்து, முழுவதற்கும் வெள்ளி நிறப் பெயின்ற் அடிப்பித்தேன். அதன் பின்னர் ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குப் போகும்போது, புறப்பட்டு ஒரு மணி நேரமளவில் மீற்றர் தட்டில் ஜப்பானிய மொழியில் ஒரு செய்தி தோன்றுகிறது. அதற்குப் பிறகு இரண்டு கண்ணாடி விளக்குகளும் எரிவதில்லை. மறுநாள் காரை இயக்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது. கராஜில் காட்டியபோது இரண்டு ரேடார்களும் பழுது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, என் ஓய்வூதியம் தாங்காத ஒரு தொகையையும் சொன்னார்கள். என்ன செய்யலாம், ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோப்பாய்

பதில்: ரேடார் வாங்குவதற்கு இப்போது ஒரு சதமேனும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்கு எதிரான சாட்சியங்கள் இரண்டு உள்ளன. செத்துப்போன ரேடார் ஒன்று மறுநாட் காலையில் உயிர்த்தெழுந்து ஒரு மணி நேரம் ஒழுங்காக வேலை செய்வது மிக அரிது. மோதியது இடது மூலையில் என்றால், வலது பக்கத்து ரேடார் அதே கிழமையில் பழுதடைவதற்கு ஒரு காரணமும் இல்லை. பல மாதிரிகளில், ஒரு பக்கத்தில் ஐயம் எழுந்த உடனேயே அமைப்பு இரண்டு பக்கங்களையும் சேர்த்து நிறுத்திவிடும். ஒரு கண் மங்கிய நிலையில் மற்றக் கண்ணை நம்பி ஓட்டுநர் ஏமாறக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். எனவே இரண்டு விளக்குகளும் அணைந்திருப்பதை வைத்து இரண்டும் பழுது என்று முடிவுகட்டியது கராஜின் அவசரம்.

இந்த ரேடார் என்பது உள்ளங்கை அளவான கறுப்புப் பெட்டி ஒன்று. பின்பம்பரின் இரு மூலைகளிலும், வெளியே தெரியாதபடி, உடற்சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். பழைய மாதிரிகள் 24 கிகாஹேர்ட்ஸ் மீடிறனிலும் புதியவை 77 கிகாஹேர்ட்ஸை ஒட்டிய மீடிறனிலும் இயங்குகின்றன. முன்னையதன் அலைநீளம் ஏறக்குறைய 12.5 மில்லிமீற்றர், பின்னையதன் அலைநீளம் 4 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. யன்னற் கண்ணாடிக்கூடாக வெளிச்சம் போவதைப் போல இந்த அலை பம்பரின் பிளாஸ்ரிக்குக்கூடாகப் போய்த் திரும்புகிறது. உலோகம் குறுக்கிட்டால் அதனால் போக முடியாது. ஈரம் குறுக்கிட்டால் நலிந்துபோகும். ஆகவே பம்பரின் மூலையை நாம் ரேடாரின் யன்னற் கண்ணாடி என்றே கருத வேண்டும். உங்கள் யன்னற் கண்ணாடிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்: வெடிப்பை உள்ளிருந்து ஒட்டியிருக்கிறார்கள், பள்ளத்தைப் புட்டி வைத்து நிரப்பியிருக்கிறார்கள், அதன்மேல் முதற்பூச்சு, அதன்மேல் வெள்ளி நிறம், அதன்மேல் பளபளப்புப் பூச்சு. தொழிற்சாலையில் இட்ட பூச்சின் மொத்தத் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குதான். ஒட்டிய மூலையில் அது பல மடங்காகியிருக்கும். போதாக்குறைக்கு, வெள்ளி நிறப் பெயின்றின் மினுக்கம் அதற்குள் மிதக்கும் நுண்ணிய அலுமினியச் செதில்களால் வருவது. பூச்சு தடிக்கத் தடிக்க அந்தச் செதில்கள் சேர்ந்து ரேடாருக்கு முன்னால் மெல்லிய உலோகத் திரை ஒன்றைத் தொங்கவிட்டது போலாகிவிடும். கம்பனி அங்கீகரித்த நிறத்தைத் தவிர வேறொன்றைப் பின்பம்பருக்குப் பூச வேண்டாம், சென்சர் இருக்கும் இடத்தில் ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டாம் என்று டொயோட்டாவின் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான். பெயின்ற் கடையில் உள்ளவர் சிறு கருவியொன்றை வைத்துத் தடிப்பு சரியாகவே இருக்கிறது என்று சொன்னாரானால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அங்கே வழக்கமாக இருக்கும் கருவி தகட்டின் மேலுள்ள பூச்சை மட்டும் அளக்கும், பிளாஸ்ரிக்கின் மேலுள்ளதை அதனால் அளக்க முடியாது.

இனிப் பரிசோதிக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில், அந்த ஜப்பானியச் செய்தி தோன்றும்போது அருகில் இருப்பவரைக் கொண்டு தொலைபேசியில் ஒரு படம் எடுப்பித்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பாருங்கள். இத்தகைய செய்திகள் பொதுவாக இரண்டு வகைப்படும். ஒன்று, அமைப்பைத் தற்போது பயன்படுத்த முடியாது, பம்பரைச் சுத்தம் செய்யுங்கள் என்ற வகை. மற்றது, பழுது உள்ளது, காட்டித் திருத்துங்கள் என்ற வகை. முதலாவது வகை, கண்ணுக்கு முன்னால் ஏதோ மறைக்கிறது என்பதைக் குறிக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதுவாகவே இருக்க வேண்டும்.

செய்தி எந்த இடத்தில் தோன்றியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பாயிலிருந்து ஒரு மணி நேரம் என்றால் நீங்கள் பளையைத் தாண்டி ஆனையிறவை அண்மித்திருப்பீர்கள். அங்கே இரு மருங்கும் வெளி; மரம், மதில், விளம்பரப் பலகை எதுவும் அருகில் இல்லை. நெடுநேரம் எதிரொலியே திரும்பி வராவிட்டால் தன் முகத்தை ஏதோ மூடிவிட்டது என்று கணித்துக்கொள்ளும் அமைப்புகளும் உள்ளன. அவை அத்தகைய வெறும் வெளியில், குற்றம் எதுவும் இல்லாமலேயே, இந்தச் செய்தியைக் காட்டக்கூடும். ஒட்டிய மூலையினால் எதிரொலி ஏற்கனவே நலிந்திருக்கும் ஒரு காரில் இது இன்னும் இலகுவாக நடக்கும். சாவகச்சேரிக் கடைத்தெருவிலும் அதே செய்தி வருமானால் ஆனையிறவின் மேற் பழி போட முடியாது.

அடுத்தது ஸ்கானர். இயந்திரத்தின் குறியீடுகளை மட்டும் வாசிக்கும் மலிவான சிறு கருவி இங்கே பயன்படாது. வாகனத்தில் உள்ள எல்லாக் கட்டுப்பாட்டு அலகுகளையும் வாசிக்கும் ஸ்கானர் வைத்திருப்பவரிடம் போக வேண்டும். யூ0232 என்று வந்தால் இடது பக்க அலகுடனான தொடர்பு அறுந்திருக்கிறது, யூ0233 என்று வந்தால் வலது பக்க அலகுடனான தொடர்பு அறுந்திருக்கிறது என்பது பொதுவான அர்த்தம். அப்போதும் அது அலகின் சாவை அறிவிக்கும் பத்திரமாகாது; வயரோ, இணைப்பியோ, பியூசோ காரணமாக இருக்கலாம். ஒரு மாதம் கழித்துப் பேச வேண்டி வந்தாலும் கையில் ஆதாரம் இருக்கும்படி, குறியீடுகளை அழிப்பதற்கு முன்னர் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

அதன் பிறகுதான் பம்பரைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் முதலிற் பார்க்க வேண்டியது ரேடாரைத் தாங்கும் தகட்டுப் பிடியை. மோட்டார் சைக்கிளின் கைபிடி முனை பம்பரை அமுக்கியபோது அது உள்ளே போய் இந்தப் பிடியைச் சற்று வளைத்திருக்கலாம்; வெளியில் பம்பர் மீண்டும் தன் வடிவத்துக்கு வந்துவிடும், பிடி வராது. ஒரு பாகை பிசகினாலே 60 மீற்றர் தொலைவில் பார்வை ஒரு மீற்றர் தள்ளிப்போகும் என்பதை நினைத்துப் பாருங்கள். வலது பக்கத்துப் பிடியோடு ஒப்பிட்டு, ஓர் அளவுகோலை வைத்து இடைவெளிகளைப் பாருங்கள், கண்மதிப்பு போதாது. சென்ற மாரியில் நான் பார்த்த ஒரு காரில் பிடியும் நேராக இருந்தது, வயரும் நன்றாக இருந்தது. ஆனால் தொங்கிய வயரொன்றைத் தூக்கிக் கட்டுவதற்காக முன்னர் திருத்தியவர் வெள்ளித்தாள் போன்ற அலுமினிய நாடாவை ரேடாரின் முகத்துக்குக் குறுக்கே இழுத்து ஒட்டியிருந்தார். நகத்தால் உரித்து எடுத்தேன். அந்தக் காருக்கும் இரண்டு ரேடார்கள் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பிடியும் வயரும் சரியென்றால், பம்பரை மாட்டாமல் ரேடார்களை மட்டும் இணைத்த நிலையில், ஆட்களும் வாகனங்களும் இல்லாத அகன்ற வளவொன்றிலோ மைதானத்திலோ காரை ஓட்டிப் பாருங்கள். அமைப்பு விழிப்பதற்கு ஒரு குறைந்த வேகம் தேவை, சில மாதிரிகளில் அது மணிக்கு 16 கிலோமீற்றர். இன்னொரு காரைப் பக்கத்தில் வரச் செய்து, விளக்கு உரிய நேரத்தில் எரிகிறதா என்று பார்க்கலாம். பம்பர் இல்லாமல் நன்றாகவும் பம்பரோடு மோசமாகவும் இருந்தால் உங்களுக்குத் தேவையானது மூலை ஒட்டப்படாத ஒரு பழைய பம்பர் மட்டுமே. அதே மாதிரிக் காரிலிருந்து கழற்றியதாக எடுங்கள். நிறம் மாற்ற வேண்டியிருந்தால் பழைய பூச்சைத் தேய்த்து எடுத்த பின்னர் மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள். பிடி வளைந்திருந்தால் அதை மாற்றிய பின்னர், கம்பனி முறைப்படி கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். ரேடாரின் முன்னே குறித்த தூரத்தில் முக்கோண வடிவத் தெறிப்பான் ஒன்றை நிறுத்திச் செய்யும் முறையும் உண்டு; அதற்குச் சமதரையும் சரியான ரயர் காற்றழுத்தமும் பொதி ஏற்றாத வண்டியும் வேண்டும். மூன்று சில்லு சீமெந்திலும் ஒரு சில்லு மணலிலும் நிற்கும் காருக்கு இதைச் செய்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு இடது ரேடார்தான் பழுது என்று தெரிந்தால் இடது ரேடாரை மட்டும் வாங்குங்கள். பல மாதிரிகளில் இடதும் வலதும் வெவ்வேறு இலக்கம் கொண்டவை. ஒன்று தலைமை, மற்றது துணை என்று பிரிக்கப்பட்டவையும் உண்டு. பெட்டியின் முதுகில் ஒட்டியுள்ள இலக்கத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே பழைய சாமான் வாங்க வேண்டும். வலதைக் கழற்றி இடதில் மாட்டிப் பார்ப்போம் என்ற நமது வழக்கமான வித்தையும் இதனாலேயே எல்லாக் கார்களிலும் பலிக்காது.

கேள்வி: வேலணையிலிருந்து பண்ணைத் தாம்போதியால் ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணம் நகருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மழை நாட்களில் மட்டும் வலது பக்க விளக்கு தேவையில்லாமல் எரிந்துகொண்டே இருக்கும். சில வேளைகளில் முழு அமைப்பும் நின்றுவிடும். வெயில் ஏறியதும் தானாகவே சரியாகிவிடும். இதைக் கவனிக்காமல் விடலாமா?
– வங்கி ஊழியர், வேலணை

பதில்: விடக் கூடாது, ஏனென்றால் உங்கள் விடயத்தில் இரண்டு காரணங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம், அவற்றில் ஒன்று காத்திருந்தால் வளரக்கூடியது.

அடைமழையில் அமைப்பு தடுமாறுவது இயல்பு. சில்லு கிளப்பும் நீர்த்திவலைத் திரையையே சில வேளை ரேடார் ஒரு வாகனமாக எடுத்துக்கொள்ளும். பம்பரில் அப்பிய ஈரச் சேறு அலையை நலியச் செய்யும். காய்ந்த தூசியை விட ஈரமான செம்மண் சேறு இதில் மோசமானது. மழை நாளில் நகருக்கு வந்து சேர்ந்ததும் இரு மூலைகளையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அதோடு தீர்ந்தால் நல்லது.

தீரவில்லையானால் நான் உப்பைத்தான் சந்தேகிப்பேன். கடற்காற்றுக்குள் தினமும் இரு முறை ஓடும் காரின் அடிப்பக்க இணைப்பிகளுக்குள் உப்பீரம் ஏறிவிடும். பின் வலது சில்லின் உட்காப்பை விலக்கி, ரேடாருக்குப் போகும் இணைப்பியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல ஊசிகள் மங்கிய வெள்ளி நிறத்திலோ பொன்னிறத்திலோ இருக்கும். களிம்பு பிடித்தவற்றில் பழைய செப்புக் குத்துவிளக்கின் இடுக்கிற் காணும் அதே பச்சை நிறம் தெரியும். மழையில் அந்தக் களிம்பு நனைந்து பக்கத்து ஊசிக்கு மின்னைக் கசியவிடும். வெயிலில் காய்ந்தால் கசிவு நின்றுவிடும். நீங்கள் எழுதிய நடத்தை இதற்கு அப்படியே பொருந்துகிறது. பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு, மின்தொடுகைகளைச் சுத்தம் செய்யும் தெளிகருவியால் கழுவி, நன்றாக உலரவிட்டு, இறப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, மின்கடத்தாச் சிலிக்கோன் கிறீஸ் சிறிதளவு தடவி மாட்டுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் ஊசியின் மேலுள்ள மெல்லிய முலாம் போய்விடும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே வேலைதான்.

உங்கள் காரை நான் பார்க்கவில்லை ஆனாலும் இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். பம்பருக்குள் கைவிடும் முன் மின்சூள் விளக்கு ஒன்றை அடித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வந்துபோகும் காலங்களில் மட்டும் ஓடி, மீதி நாட்களில் மரநிழலில் நிற்கும் கார்களில், ரேடாரின் முகத்திலேயே குளவி மண் கூடு கட்டியிருந்ததை இரண்டு தரம் கண்டிருக்கிறேன். ஒரு தரம் கூட்டில் ஆள் இருந்தது.

கேள்வி: இடது பக்கத்தால் முந்திக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்களை என் காரின் அமைப்பு பல தடவை காட்டுவதேயில்லை. ஆனால் ஆளேயில்லாத எங்கள் ஒழுங்கையால் போகும்போது விளக்கு மினுங்குகிறது. கம்பனிச் சேர்விஸில் கொடுத்துப் பார்த்தேன், பழுது இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். உண்மையாகவே பழுது இல்லையா?
– தாதிய உத்தியோகத்தர், இணுவில்

பதில்: அவர்கள் உங்களுக்குச் சொன்னது உண்மை, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த அமைப்பு பிறந்தது அகன்ற, வாகனம் ஓடும் வழிகள் கோடு போட்டுப் பிரிக்கப்பட்ட நெடுஞ்சாலைகளுக்காக. டொயோட்டாவின் கையேட்டை எடுத்துக்கொண்டால், காரின் பக்கத்திலிருந்து ஏறக்குறைய அரை மீற்றர் தள்ளித் தொடங்கி 3.5 மீற்றர் வரையும், பின்பம்பருக்குப் பின்னே ஏறக்குறைய 3 மீற்றர் வரையும் உள்ள இடத்தையே அது மறைவிடமாகக் காவல் செய்கிறது. பக்கத்து வழியில் விரைந்து நெருங்கி வருவனவற்றை மட்டும் 60 மீற்றர் வரை கவனிக்கும். சிறிய மோட்டார் சைக்கிள், துவிச்சக்கர வண்டி, நடந்து செல்வோர் ஆகியவற்றைக் கண்டறிய இது வடிவமைக்கப்படவில்லை என்று அதே கையேடு வெளிப்படையாகச் சொல்கிறது. நம் வீதிகளில் மறைவிடத்துக்குள் வருவது எது என்று எண்ணிப் பாருங்கள். காரும் பஸ்ஸும் குறைவு. மிகுதியாக வருவது 100 சிசி, 125 சிசி மோட்டார் சைக்கிள்களும் பாடசாலைப் பிள்ளைகளின் சைக்கிள்களும்தான். அவை திருப்பி அனுப்பும் எதிரொலி சிறியது. அத்தோடு, அரை மீற்றருக்கும் குறைந்த இடைவெளியால் கைபிடி உரசும்படி நுழைபவர் காவல் எல்லைக்கு உட்புறமாகவே போய்விடுகிறார். ஆஸ்பத்திரி வீதியில் நெரிசலில் ஊர்ந்துபோகும் வேகத்தில் அமைப்பு விழித்தே இராது.

ஒழுங்கையில் மினுங்குவதற்குக் காரணம் வேறு. அந்த 3.5 மீற்றர் காவல் எல்லைக்குள் உங்கள் ஒழுங்கையின் மதில் முழுவதும் அடங்கிவிடுகிறது. அசையாத பொருளை வேக வேறுபாட்டைக் கொண்டு இனங்கண்டு தள்ளிவிடுவதற்கு ரேடாருக்குப் பயிற்சி உண்டு. இருந்தாலும் மதில், நிறுத்திவைத்த வாகனம், வீதிப் பலகை போன்றவை சில வேளைகளில் அதை ஏமாற்றிவிடும். தகர வேலியென்றால் கேட்கவே வேண்டாம். நெளிந்த தகரத்தைப் போல ரேடார் அலையைப் பல திசைகளிலும் எறியும் பொருள் வேறொன்று நம் ஊரில் இல்லை. கிடுகு வேலி அடைத்த ஒழுங்கைக்குள் போனால் இந்தத் தொல்லை குறைவதை நீங்களே கவனிக்கலாம்.

ஆகவே இடது பக்கத்துக்கு நீங்கள் கண்ணாடியைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கண்ணாடியையும் நம்மில் அநேகர் பிழையாகவே திருப்பி வைத்திருக்கிறோம். கண்ணாடியில் சொந்தக் காரின் பின்கதவு பெரிதாகத் தெரிந்தால் அந்த அளவு இடம் வீணாகிறது. அமெரிக்கப் பொறியியலாளர் ஜோர்ஜ் பிளாட்சர் 1995இல் விளக்கிய முறையை, வலது பக்கம் ஓட்டுநர் இருக்கும் நமது கார்களுக்கு ஏற்றபடி சொல்கிறேன். தலையை வலது யன்னற் கண்ணாடியில் முட்டும்படி சாய்த்துக்கொண்டு, சொந்தக் காரின் பக்கம் விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகத் தெரியும்வரை வலது கண்ணாடியை வெளிப்புறமாகத் திருப்புங்கள். பிறகு இரு இருக்கைகளுக்கும் நடுவே தலையைக் கொண்டுவந்து, இடது கண்ணாடியையும் அதே அளவுக்குத் திருப்புங்கள். நேராக நிமிர்ந்து இருந்தால் இரண்டிலும் உங்கள் கார் தெரியாது. முதல் இரண்டு நாளும் வழி தவறியது போலிருக்கும், பழகிவிடும். நடுக் கண்ணாடியிலிருந்து நழுவும் மோட்டார் சைக்கிள் உடனே பக்கக் கண்ணாடியிலும், அதிலிருந்து நழுவுவது உங்கள் கடைக்கண்ணிலும் தெரிய வேண்டும். தெரிந்தால் சரியாகத் திருப்பியிருக்கிறீர்கள். ஒரு குறை உண்டு: ஒடுங்கிய படலைக்குள் பின்பக்கமாக விடும்போது தூணுக்கும் காருக்கும் உள்ள இடைவெளி தெரியாது, அந்த வேளைக்கு மட்டும் கண்ணாடியை உள்ளே திருப்ப வேண்டிவரும்.

கேள்வி: பஸ் உரசி உடைந்த இடது பக்கக் கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடி வெட்டி ஒட்டுவித்தேன். வலது பக்க விளக்கு எரிகிறது, இடது பக்கம் எரிவதில்லை.
– கடை உரிமையாளர், சுன்னாகம்

பதில்: உங்கள் விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சிறு விளக்கு கண்ணாடியின் பின்புறத்தில் இருக்கிறது. கம்பனிக் கண்ணாடியில் அந்தச் சின்னத்தின் வடிவத்தில் மட்டும் பாதரசப் பூச்சுப் போன்ற படலத்தை நீக்கி, ஒளி வெளியே வர வழி விட்டிருப்பார்கள். கடையில் வெட்டிய சாதாரண கண்ணாடியில் அந்த வழி இல்லை. உள்ளே விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். பல கார்களில் இயக்கியவுடன் சில செக்கன்களுக்கு இரண்டு விளக்குகளும் சோதனைக்காக எரியும். இருட்டில் அந்த நேரத்தில் கண்ணாடியின் விளிம்பை உற்றுப் பார்த்தால் கசியும் வெளிச்சம் தெரியலாம். தெரியாவிட்டால் ஒட்டும்போது மெல்லிய வயர்கள் இரண்டும் கழன்றிருக்கும். சின்னம் பொறித்த கண்ணாடியைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்குங்கள். பனி நீக்கும் சூடாக்கியின் வயர்களும் விளக்கின் வயர்களும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால், கழற்றும் முன்னர் ஒரு படம் எடுத்து வைப்பது புத்தி.

கேள்வி: ஹைபிரிட் காரை ஒரு மாதம் ஓடாமல் விட்டு எடுத்தபோது இந்த அமைப்பின் எச்சரிக்கையோடு இன்னும் நான்கைந்து விளக்குகளும் சேர்ந்து எரிந்தன.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால், முதலில் 12 வோல்ற் பற்றரியைப் பாருங்கள். பல ஹைபிரிட் கார்களில் அது பின் இருக்கைக்கு அருகிலோ பொதி வைக்கும் அறையிலோ இருக்கும். கார் ஓய்வில் நிற்கும்போது மல்ரிமீற்றரில் 12.6 அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2க்குக் கீழே போனால் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. காரை இயக்கியபின் ஏறக்குறைய 14 காட்ட வேண்டும். பற்றரியை மாற்றிய பின்னரும் கண்ணாடி விளக்கு மட்டும் வராவிட்டால், அமைப்பின் ஆளி அணைந்த நிலையில் இருக்கிறதா என்று மீற்றர் தட்டின் தெரிவுப் பட்டியலிலும் ஒருமுறை பாருங்கள். செம்மஞ்சள் உறையிட்ட தடித்த வயர்கள் எதையும் தொட வேண்டாம். அவை உயர் வோல்ற்றளவு கொண்டவை.

கேள்வி: என் காரில் இந்த வசதி இல்லை. இணையத்தில் விற்கும் தொகுதியொன்றை வாங்கிப் பூட்டலாமா?
– வாசகர், நெல்லியடி

பதில்: பூட்டலாம், ஆனால் எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். பம்பரில் வட்டத் துளையிட்டுப் பொத்தான் போன்ற சென்சர்களைச் செருகும் தொகுதி கேளா ஒலியால் இயங்குவது. காரை நிறுத்த உதவும் சென்சரின் உறவினர் அது. சில மீற்றர்களுக்கு அப்பால் அதற்குப் பார்வை இல்லை. வேகத்தில் காற்றின் இரைச்சலும் அதைக் குழப்பும். 24 கிகாஹேர்ட்ஸ் ரேடார் கொண்ட தொகுதி துளையில்லாமல் பம்பருக்குப் பின்னே பொருத்தப்படுவது. வாங்குவதானால் அதையே வாங்குங்கள். வொல்வோ ஆரம்பத்தில் கண்ணாடியின் கீழே கமரா வைத்து இதைச் செய்தது, பிறகு அதுவும் ரேடாருக்கு மாறிவிட்டது.

பொருத்தும்போது ரேடாரின் முகத்துக்கு முன்னால் பம்பரின் உள் இரும்புச் சட்டமோ பின்விளக்கின் வயர்க் கட்டோ வரக் கூடாது. மின்சாரத்தைத் தனி பியூஸ் வைத்து பியூஸ் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பின்விளக்கின் வயரைச் சுரண்டி முறுக்கி, கறுப்பு நாடா சுற்றிவிடுபவரிடம் வேலை கொடுத்தால், அடுத்த மாரிக்கு வேலணை வாசகரின் கேள்வியோடு நீங்கள் எனக்குக் கடிதம் எழுத நேரும்.